எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

மே மாதக் கடைசி வந்தால் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் வேலை வந்துவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுவதால் அந்த வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் டி.சி. கொடுத்தாக வேண்டும். அங்க அடையாளங்கள் இரண்டு, பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும், மேல்வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உண்டா என்ற இடத்தில் ‘ஆம்’, பிறகு தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும். கையால் எழுதிய காலத்திலும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸிலிருந்து அச்செடுக்கத் தொடங்கிய பிறகும், கடைசிச் சான்றிதழைக் கொடுத்து முடித்ததும் அந்த ஆண்டின் கடமை நிறைவேறிவிட்டது என்ற நிம்மதியோடுதான் வீட்டுக்குப் போவேன். வடசென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த நிம்மதிக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

2018 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கரா மீன் வாங்கலாம் என்று காசிமேட்டுக்குப் போயிருந்தேன். ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் நிரப்பிக்கொண்டிருந்த பையனை முதலில் அடையாளம் தெரியவில்லை. அவன் போட்டிருந்த கால்சட்டை தெரிந்தது. எங்கள் பள்ளிச் சீருடையை முழங்காலுக்குக் கீழே வெட்டி அரைக்கால் சட்டையாக்கியிருந்தான். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, மணிக்கட்டு வரை மீன் செதிலாக இருந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு டி.சி. கொடுத்த பையன் அவன். எந்தப் பள்ளியில் சேர்ந்தாய் என்று கேட்டேன். “சேரல மிஸ். அப்பாவ இட்டுனு வரச் சொன்னாங்க. அப்பா கடலுக்குப் போய்ட்டாரு” என்றான். அவ்வளவுதான். படிப்பு பிடிக்கவில்லை என்றோ, வீட்டில் போக வேண்டாம் என்றார்கள் என்றோ அவன் சொல்லவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நாட்களை எண்ணிப் பார்த்தபோதுதான் நடந்தது விளங்கிற்று. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் வட்டிக்கு வாங்கித்தான் உலை கொதிக்கும். ஜூன் 1 அன்று பள்ளி திறந்தபோது புதுச் சீருடைத் துணிக்கும் தையற்கூலிக்கும் கையில் காசு இல்லை. தடை முடிந்து அப்பா ஒரு நடை கடலுக்குப் போய் வந்ததும் சேர்த்துவிடலாம் என்று தள்ளிவைத்தார்கள். 15ஆம் தேதி படகு கிளம்பியது. அதற்கு மறுவாரம் பையன் தானாகவே டி.சி.யை எடுத்துக்கொண்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கே அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு இறால் உரிக்கப் போகிறவர். பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவரால் வர இயலாது. அப்பா கரைக்கு வந்த இரண்டாம் நாளே மறுபடி படகேறினார், முதல் நடையில் வந்த பணம் வட்டிக்குப் போயிற்று, அதற்குள் பையனுக்கு ஐஸ் வேலையில் நாள் கூலி வரத் தொடங்கிவிட்டது. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையும் என்னால் காட்ட முடியவில்லை. அப்பாவைக் கேட்ட அந்தப் பள்ளியும் ஒரு வழக்கமான கேள்வியைத்தான் கேட்டது.

டி.சி. கொடுத்ததும் எமிஸில் அந்தப் பிள்ளையின் பெயர் பழைய பள்ளியின் கணக்கிலிருந்து விலகி, ‘காமன் பூல்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் பிள்ளையும் அல்ல. ஐந்தாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஒரு பிள்ளை நான்கு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் கேட்பார், சத்துணவு ஆயா கேட்பார், பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சொல்லும். எட்டு முடித்த பிள்ளை ஜூன் மாதம் முழுவதும் எங்கும் போகாவிட்டால் கேட்க வேண்டியது யார்? பழைய பள்ளி அனுப்பிவிட்டது, புதிய பள்ளி இன்னும் பார்க்கவே இல்லை. தொகுப்பில் கிடக்கும் பெயர்களை வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்கள் பட்டியல் எடுத்துத் தேடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பட்டியல் கைக்கு வந்து, முகவரி தேடி, வீட்டைக் கண்டுபிடித்துப் போவதற்குள் பையன் சம்பளக்காரன் ஆகிவிடுகிறான்.

இந்த இடைவெளியில் வந்து சேரும் வேறு சிலவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஒன்பதாம் வகுப்பு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகும் 14 வயது முடிந்தவரைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயகரமான வேலைகளிலிருந்து மட்டுமே விலக்கி வைக்கிறது, எம்.சி. ரோடு துணிக்கடையில் துணி மடித்து வைப்பதற்கு அவனை வேலைக்கு எடுத்தால் அது குற்றமாகாது. அரசு தரும் நான்கு இணை விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்பு வரைதான். சத்துணவு பத்து வரையும் பாடநூல் பன்னிரண்டு வரையும் உண்டு என்றாலும், ஜூன் மாதத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் செலவு சீருடைதான்.

உதவித்தொகைகளின் வரிசையும் இப்படியே இருக்கிறது. மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது கல்லூரிக்குப் போன பிறகு. இடைநிற்றலைத் தடுப்பதற்கென்றே 2011இல் அறிவிக்கப்பட்ட சிறப்பு ஊக்கத்தொகைகூடப் பத்தாம் வகுப்புக்கு 1,500, பதினொன்றுக்கு 1,500, பன்னிரண்டுக்கு 2,000 என்றுதான் வகுக்கப்பட்டது. அதுவும் வைப்புத்தொகையாக இருந்து பன்னிரண்டு முடித்த பிறகு கைக்கு வருவது. ஒன்பதில் கிடைக்கக்கூடியவற்றில் ஒன்று தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகை, ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆனால் எட்டில் அதற்கான தேர்வில் வெற்றி பெற்றிருக்க வேண்டும். அந்தத் தேர்வில் வெற்றி பெறும் பிள்ளை பெரும்பாலும் எப்படியும் ஒன்பதுக்குப் போகிற பிள்ளைதான். இந்தத் திட்டங்கள் எதையும் நான் குறை சொல்லவில்லை, புதுமைப் பெண்ணால் கல்லூரிக்குப் போன என் மாணவிகளை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பின் வாசலில் ஒரு சீருடையும் ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கும் அளவுக்காவது பணம் ஜூன் முதல் வாரத்தில் கையில் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

2019இல் இருந்து நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஏப்ரலில் எட்டாம் வகுப்புப் பெற்றோரை இரவு ஏழு மணிக்குக் கூப்பிட்டோம். பகலில் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், வந்தவர்களுக்கு அன்றைய கூலி போகும். சாதிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை நகல், புகைப்படம் என்று புதிய பள்ளியில் கேட்கக்கூடிய அனைத்தையும் அப்போதே உறையில் போட்டு வைத்தோம். அந்த உறையில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்ட ஒரு கடிதமும் இருந்தது, அப்பா ஊரில் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளும்படி. பள்ளி திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கு எல்லாரும் எங்கள் வாசலுக்கே வர வேண்டும். அங்கிருந்து நானும் இன்னொரு ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த இரண்டு அம்மாக்களும் அவர்களை மேல்நிலைப் பள்ளிக்கு நடத்திக்கொண்டே போனோம். முதல் ஆண்டு முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேர் வந்தார்கள். வராத மூவரின் வீட்டுக்கும் அன்றே போனோம்.

அந்த மூன்றில் ஒரு வீட்டில் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. “நீங்க மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறீங்க மிஸ், இவன் கொண்டாந்தாதான் எங்களுக்கு வாடகை” என்றார் அந்த அம்மா. என்னிடம் பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். குழுவில் இருந்த அம்மாக்களில் ஒருவர் மட்டும் பிறகு தனியாகப் போய், அவரும் அதே தெருக்காரர் என்பதால், பையனை மாலையில் வேலைக்கு அனுப்பு, காலையில் எங்களிடம் கொடு என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். அது சரியான தீர்வு அல்ல என்று எனக்குத் தெரியும். மாலை வேலை முடித்து வருகிறவன் மறுநாள் இரண்டாவது பாடவேளையில் தூங்குவான். ஆனால் அவன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் இருந்தான்.

கொண்டுபோய்ச் சேர்த்தால் முடிந்துவிடாது. எட்டு வரை தேர்ச்சி எல்லாருக்கும் உண்டு என்பதால், தமிழ்ப் பாடத்தையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற சில பிள்ளைகளும் அந்த ஊர்வலத்தில் இருப்பார்கள். தெரிந்த இடத்தில் அது ஒரு குறையாகத் தெரியாது; நாங்கள் சுற்றி வளைத்து வேறு கேள்வி கேட்போம். புதிய வகுப்பில் ஒருநாள் எழுந்து வாசி என்று சொல்லிவிட்டால் மறுநாள் முதல் அவனுக்கு வயிற்றுவலி. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு பழைய முறையிலேயே தொடரும் என்று அறிவித்தது. பழைய சக ஆசிரியர்கள் சிலர் அதற்கு வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. பதினான்கு வயதுப் பையனைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு இன்னொரு வருடம் உட்கார வைத்தால் அவன் படிக்க மாட்டான், கிளம்பிவிடுவான். ஆறாம் வகுப்பிலேயே அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்காதது என் தவறு, அதற்கு அவனை நிறுத்திவைப்பது நியாயமா?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த நடைப்பயணம் பாதிதான் உதவியது. கூவம் கரையிலிருந்து சென்னையின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்குக் குடும்பத்தோடு பெயர்த்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் போனார்கள்; வடசென்னையிலிருந்து அங்கே போக ஒரு முழு மாவட்டத்தைக் கடப்பது போல நேரமாகும். பழைய பள்ளியை விட மனமில்லாமல் இரண்டு மாதம் பேருந்தில் வந்து போன ஒரு பெண், இருட்டிய பிறகு வீடு திரும்புவதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேச்சு வந்ததும் நிறுத்தப்பட்டாள். கட்டணமில்லாப் பேருந்து இருந்தது, பேருந்தில் வரும் பிள்ளைக்குத் துணைதான் இல்லை. குடியிருப்பை மாற்றுகிறவர்கள் ஏப்ரல் வரை பொறுத்திருந்தால் போதும், அதற்குத் திட்டமோ நிதியோ வேண்டியதில்லை.

பதிவேட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி வந்தபோது ஊரே அதிர்ந்தது. வராதவர்களில் பலர் எப்போதோ நின்றுவிட்டவர்கள், பெயர் மட்டும் தொடர்ந்தது என்பது பிறகு தெரியவந்தது. ஆசிரியர்களுக்கு அதில் அதிர்ச்சி இல்லை. பெயரை நீக்கினால் ஏன் நீக்கினாய் என்று கேள்வி வரும், நீக்காவிட்டால் எந்தக் கேள்வியும் வராது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்பதாம் வகுப்புக்கு 2021 பிப்ரவரியில் சில வாரங்கள் திறந்து மறுபடி மூடி, செப்டம்பரில்தான் மீண்டும் திறந்தன. அந்த ஆண்டு எங்களால் யாரையும் நடத்திக்கொண்டு போக முடியவில்லை. அந்த வகுப்பின் பட்டியல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, அதில் ஏழு பெயர்களுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை.

ஐஸ் பெட்டிப் பையன் சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்தான். இப்போது இருபத்தொரு வயது, அப்பா போன அதே படகில் போகிறான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாவிட்டால் கடவுச்சீட்டில் குடியேற்றச் சரிபார்ப்பு தேவை என்று வந்துவிடும், அதனால் தனித்தேர்வராகப் பத்து எழுதலாமா என்று கேட்டான். எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முதலில் பதிவு செய்ய வேண்டும் என்றேன். படித்ததற்கான சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, பிளாஸ்டிக் உறையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். 2018 மே மாதம் நான் கொடுத்த டி.சி. எந்தப் பள்ளியும் அதை வாங்கிக்கொள்ளாததால் அசல் அவனிடமே இருந்தது. இருவரும் சேர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். செய்முறை வகுப்பு சனிக்கிழமைகளில். படகு வெள்ளிக்கிழமைக்குள் கரைக்கு வந்துவிட்டால் போய்விடுவதாகச் சொன்னான்.