குதி உயரம்

ஏப்ரல் 19
சப்பாத்து வடிவமைப்புக்கு விண்ணப்பித்து அனுப்பிய வரைபடத்துக்குப் பதில் வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று போனைப் பழி சொல்லிக்கொண்டு புதுக்குடியிருப்புச் சந்திவரை போய்ப் பார்த்தேன். அங்கே சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 22
கால் அச்சின்மேல், அதாவது சப்பாத்தை உருவாக்குகிற கால் வடிவக் கட்டையின்மேல், மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, அதில் பென்சிலால் சப்பாத்தை வரைந்து, பிறகு டேப்பை வெட்டி உரித்து மட்டையில் ஒட்டினேன். வளைந்திருந்தது தட்டையாகும்போது எங்கேயாவது சுருக்கு விழும். அதை ஒரே இடத்தில் தள்ளிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட வேண்டும். அடியில் மடித்து ஒட்ட 15 மில்லிமீற்றர் விட்டேன். இதைச் செய்யும்போது மட்டும் போனைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

ஏப்ரல் 25
கனடா மாமா போன் எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "செருப்புத் தைக்கவோ பிள்ளை ஏ.எல். படிச்சனி?" தைப்பது வேறு, வடிவமைப்பது வேறு என்று அம்மா எனக்காகச் சொன்னார். அந்த விளக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. தைத்தால் என்ன? மாமாவுக்குச் செருப்பு என்றதும் யாருடைய தொழில் என்பதுதான் முதலில் ஞாபகம் வரும். வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

ஏப்ரல் 26
இன்னும் கோபம்.

மே 1
அக்காவின் பழைய செயற்கைக் கால் ஜெய்ப்பூர் கால். 1968இல் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரு கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கிற, குந்துகிற, வயலில் இறங்குகிற ஆட்களை நினைத்துச் செய்தது. புதுக்கால் பார்க்க வடிவு, பாரமும் குறைவு, ஆனால் சப்பாத்துப் போடுகிறவருக்கானது. குதி பத்து மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும் என்று கணக்குப் பண்ணிக் கணுக்காலைப் பூட்டியிருக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதி இறங்கும், முழங்கால் பின்னால் தள்ளும், ஆள் சரிவாள். பாட்டாச் செருப்பும் சரிவராது, விரல் பிடிக்காததால் நாலாவது அடியில் கழன்று முன்னால் போய் விழும். பின்வார் வேண்டும்.

எங்கள் ஊரில் எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக ஏலாது. ஒரு நாளைக்கு எத்தனை வாசல்! இதை யாருமே யோசிக்கவில்லையா? யோசித்திருப்பார்கள், வேறு எங்கேயோ இருந்து.

மே 4
ஐரோப்பியக் கணக்கில் 38ஆம் அளவு என்றால் அச்சின் நீளம் 25.3 சென்ரிமீற்றர், ஒரு எண்ணுக்கு 6.67 மில்லிமீற்றர் கூடும். ஆங்கிலேயர் கணக்கில் ஒரு எண் அங்குலத்தில் மூன்றில் ஒன்று, ஒரு பார்லி மணியின் நீளமாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இவ்வளவு நெல் விளைகிறது, ஒருத்தரும் அதை வைத்துக் கால் அளக்கவில்லை.

பதில் இல்லை.

மே 9
குதியில் மட்டும் பத்து மில்லிமீற்றர் ஈவிஏ நுரைத் துண்டு வைத்து, மேலே பருத்தித்துணியால் சொக்ஸ் மாதிரித் தைத்தேன். துண்டின் முன்விளிம்பைச் சாய்வாகச் சீவினேன், இல்லாவிட்டால் நடுப்பாதத்தில் படி மாதிரி நிற்கும். பசை பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அக்கா அதைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய் வந்தாள். சரியவில்லை.

"வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இதோட போகலாமோ?" என்று கேட்டாள். அம்மம்மா தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, "அடியிருக்கு, அப்ப செருப்புத்தான்" என்றார். தோல் இல்லையே என்றேன். பாட்டாவிலும் தோல் இல்லைத்தானே என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கோயிலில் கேட்போம் என்றால் அக்கா வேண்டாமென்கிறாள். கேட்டால் மாட்டேன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிடுமாம்.

மே 10
அடியையும் துணியால் மூடினால்?

மே 13
மூடினேன். "ம்" என்றார் அம்மம்மா.

மே 18
முள்ளிவாய்க்கால். கஞ்சி. அக்கா வெறுங்காலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் துணிச் சொக்ஸைக் கொண்டுவந்தாயா என்று நான் கேட்கவில்லை.

மே 21
பதில் வந்திருக்கிறது! ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. நான் அனுப்பிய வரைபடத்தில் இடதும் வலதும் ஏன் வெவ்வேறாக இருக்கின்றன, அளவில் பிழையா என்று கேட்கிறார்கள். பிழையில்லை என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அனுப்பமுதல் அக்காவின் இடது குதியை இன்னொருக்கா அளக்க வேண்டும். அவள் தையலுக்குப் போய்விட்டாள், நாலரைக்குத்தான் வருவாள்.