குளிர் இறங்கும் பள்ளத்தில் சிக்னல் இறங்காது

டிசம்பர், ஜனவரி மாதங்களில் "ஊட்டியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி" என்று பேப்பரில் வரும். அதே காலையில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் போனால் புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்கும். 4 டிகிரியில் தண்ணீர் எப்படி உறையும் என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. பேப்பரில் வருவது, ஆள் நெஞ்சு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் அளந்த காற்றின் வெப்பநிலை. செடியின் இலைக்கு அந்தப் பெட்டி இல்லை. மேகமில்லாத, காற்று அசையாத ராத்திரியில் அது தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே இருக்கும் காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடுகிறது. மேட்டில் குளிர்ந்த காற்றும் கனமாகி, சரிவில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேல் பாத்தி பச்சையாகவும் கீழ்ப் பாத்தி கருகியும் நிற்கிறது.

அக்கா வீட்டுக்காரர் அந்தப் பக்கம் குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கும் கொஞ்சம் கேரட்டும் போடுகிறார். கேரட் ஓரளவு தாங்கும். உருளைச் செடி தாங்காது. பூஜ்ஜியத்துக்கு ஓரிரு டிகிரி கீழே போனால் இலை கருகிவிடும். ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. எப்போது போடுவது என்பதுதான் தெரியவில்லை. "அம்மணி, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. போகாத அன்னைக்குத்தான் வெள்ளையா கெடக்கும்" என்றார் மாமா. நான் கோவையில் மோட்டார் பம்புக்கான கண்ட்ரோல் பேனல் டிசைன் செய்கிறவள். பேட்டரியில் ஓடி, குளிரை அளந்து, சிம் கார்டு வழியாகச் சேதி சொல்லும் ஒரு டப்பா செய்து தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன்.

இந்த மாதிரி வேலையில் பலரும் முதலில் சென்சாரைப் பற்றிப் பேசுவார்கள். நான் மின்சாரக் கணக்கில் ஆரம்பிப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுக்க வேண்டும். டப்பாவின் மூளையான இ.எஸ்.பி.32 சிப் ஒரு நொடி விழித்து, சுமார் 40 மில்லிஆம்பியர் எடுத்து, அளந்து, மறுபடி தூங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு 144 முறை என்றாலும் மொத்தம் 1.6 மில்லிஆம்பியர்-மணிதான். தூங்கும்போது போர்டு முழுவதும் சேர்த்து 60 மைக்ரோஆம்பியர். அது ஒரு நாளைக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஆக, அளப்பதற்கும் பதிவதற்கும் ஒரு நாள் செலவு வெறும் 3.

சிம் கார்டைப் போட்டு டவரோடு பேசும் மோடம் கதையே வேறு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா மாதிரி, உட்கார்ந்தால் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் எழும். ஆன் செய்து, டவரைத் தேடி, நெட்வொர்க்கில் பதிவாகி, டேட்டா அனுப்பி, ஒழுங்காக ஆஃப் ஆவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். சராசரி 120 மில்லிஆம்பியர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 2 மில்லிஆம்பியர்-மணி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஒரு நாளைக்கு 288. 3000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 18650 லித்தியம்-அயான் செல் இரண்டை இணையாகப் போட்டாலும் இருபது நாளில் காலி. நாளைக்கு நான்கே தடவை அனுப்பினால் எல்லாம் சேர்த்து 11தான் ஆகும். காகிதக் கணக்கில் ஒன்றரை வருடம். குளிரில் பேட்டரி தரும் சக்தி குறையும், சில ராத்திரிகளில் கூடுதலாக அனுப்ப வேண்டியிருக்கும், கடைசிச் சொட்டுவரை உறிஞ்சவும் முடியாது. பாதியைக் கழித்தாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பனிக்காலம் தாராளமாக ஓடும்.

பதிவது ஒரு வேலை, அனுப்புவது இன்னொரு வேலை என்று நான் பிரித்து வைப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். ஒவ்வொரு அளவும் முதலில் போர்டிலேயே உள்ள 4 எம்.பி. ஃபிளாஷ் சிப்பில் எழுதப்படும். ஒரு பதிவுக்கு 16 பைட். ஒரு நாளைக்கு 2304 பைட் என்றால் ஐந்து வருடம் பிடிக்கும். எஸ்.டி. கார்டு போடவில்லை, எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு கெட்டுவிடும், மின்செலவும் அதிகம். அனுப்பும்போது "இந்த எண் வரை கிடைத்தது" என்று சர்வர் பதில் சொல்லும். டப்பா அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளும், எதையும் அழிக்காது. டவர் மூன்று நாள் படுத்துவிட்டாலும் நான்காம் நாள் மொத்தமும் வந்து சேர்ந்துவிடும். டவர் கிடைக்கவில்லை என்றால் 90 நொடியில் கைவிட்டுத் தூங்கிவிட வேண்டும் என்பதும் கட்டாயம். இந்த ஒரு வரி ப்ரோகிராமில் இல்லாததால், விடிய விடிய டவரைத் தேடியே செத்துப்போன டப்பாக்கள் உண்டு.

நேரத்துக்கு டி.எஸ்.3231 கடிகாரச் சிப். இ.எஸ்.பி.க்குள் இருக்கும் கடிகாரம் குளிருக்குக் குளிர் மாறும். நேரம் தவறிய பதிவை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. 3231 வருடத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் தவறும். மலிவு மாட்யூலாக வாங்கினால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பலவற்றில் காசு பேட்டரியை சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கும். சார்ஜ் செய்யக்கூடாத சாதாரண சி.ஆர்.2032-ஐ அதில் போட்டால் உப்பிவிடும். அந்த சர்க்யூட்டில் உள்ள ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

சோலார் ஏன் வைக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம்-அயான் செல்லை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். பனி விழுந்த காலையில், செல் இன்னும் விறைத்திருக்கும்போதே வெயில் பேனல் மேல் பட்டுவிடும். அதைத் தடுக்க இன்னொரு சர்க்யூட், அதற்கு இன்னொரு சென்சார். போதாததற்குக் குரங்கு. வருடத்துக்கு ஒருமுறை செல்லை மாற்றிவிடலாம், விட்டுவிடுங்கள்.

சென்சார் இரண்டு இடத்தில். முதலாவது ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிய கூட்டுக்குள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டு, மரை வெட்டிய கம்பி, நட்டு, அவ்வளவுதான். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. 1860களில் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் அமைத்த மரப்பெட்டியின் ஏழைப் பேரன் இது. உள்ளே எஸ்.எச்.டி.31, வெப்பம், ஈரப்பதம் இரண்டும் சொல்லும். மற்றொன்று டி.எஸ்.18பி20, எவர்சில்வர் குப்பிக்குள் அடைத்தது. கீழ்ப் பாத்தியில் இலை மட்டத்தில், மேலே எந்த மறைப்பும் இல்லாமல், வானம் பார்க்கக் கிடக்கிறது. மாமாவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். சந்தையில் இதற்குப் போலி ஏராளம். அசலானாலும், அளக்க உத்தரவு கொடுத்து முக்கால் நொடி காத்திராமல் படித்தால் 85 டிகிரி என்று காட்டும். அது சிப் விழித்ததும் வைத்திருக்கும் ஆரம்ப எண். ஊட்டியில் 85 வந்தால் அது வெப்பநிலை இல்லை என்று ப்ரோகிராமிலேயே தள்ளிவிடலாம்.

சரிபார்க்க, நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த ஃபிளாஸ்க் போதும். கலக்கிக்கொண்டே இருந்தால் பூஜ்ஜியம். கொதிக்கும் தண்ணீரில் 100 பார்க்கலாம் என்று மட்டும் அங்கே நினைக்கக்கூடாது. 2240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அக்கா வீட்டில் பருப்பு வேக அத்தனை நேரமாவதும் இதனால்தான்.

இனி தலைப்புக்கு வருகிறேன். குளிர் போய்த் தேங்கும் பள்ளத்தில் சிக்னல் தேங்குவதில்லை. கீழ்ப் பாத்தியில் மோடத்தை வைத்துச் சிக்னல் அளவைக் கேட்டால் 31க்கு 6, 7 என்று வந்தது. அதில் ஒரு தடவை அனுப்புவதற்குள் இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். மேலே போட்ட பேட்டரிக் கணக்கு மொத்தமும் பாழ். ஆன்டெனாவை மட்டும் நீளக் கேபிளில் மேலே தூக்கலாம்தான், ஆனால் மெல்லிய கேபிளில் போகப் போகச் சிக்னல் கரைந்துவிடும். டி.எஸ்.18பி20 சொல்லும் எண்ணுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சாதாரண நெட்வொர்க் கேபிளில் பதினைந்து, இருபது மீட்டர் சுகமாகப் போகும். டேட்டா வயரை மேல் வோல்ட்டேஜில் பிடித்து வைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டருக்குப் பதில் 2.2 போட்டால் இன்னும் திடம். ஆகவே டப்பாவும் ஆன்டெனாவும் வரப்பு மேட்டில், சென்சார் மட்டும் பள்ளத்தில். மேட்டில் சிக்னல் 18. கேபிளை ஒரு குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தாயிற்று. காட்டுமாடு கம்பத்தில் வந்து உரசும் என்பதால் மாமா கம்பத்தைச் சுற்றி முள்ளைக் கட்டிவிட்டார்.

சிம் விஷயம் கொஞ்சம் தலைவலி. இயந்திரங்களுக்கென்று 13 இலக்க எண்ணில் தனி சிம் உண்டு. அது நிறுவனங்களுக்குச் சரி, ஒரு விவசாயி ஒற்றை சிம்முக்காக அலைய முடியாது. சாதாரண ப்ரீபெய்ட் சிம்தான் போட்டோம், மாமா பெயரில். வேலிடிட்டி முடிந்தால் டப்பா ஊமை, எனவே ரீசார்ஜ் தேதியை அக்கா காலண்டரில் குறித்திருக்கிறாள். ஜியோவில் 2ஜி கிடையாது, ஆகவே பழைய 2ஜி மாட்யூல் அதில் வேலைக்கே ஆகாது. நான் கேட்-1 எனும் குறைந்த வேக வகை 4ஜி மோடம் போட்டேன். எந்த சிம் என்றாலும் முதலில் போனில் போட்டு சிம்மின் பூட்டு எண்ணை (PIN) எடுத்துவிட்டு, இணையத்துக்குள் நுழைய அந்த நிறுவனம் வைத்திருக்கும் ஏ.பி.என். பெயரைச் சரியாகக் கொடுக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். போகிறதா என்றும் மேசையிலேயே பார்த்துவிட வேண்டும். 4ஜியில் டேட்டா போய் எஸ்.எம்.எஸ். போகாத மோடமும் உண்டு. மோடத்துக்கு வரும் வயர் தடிமனாக இருக்கட்டும், பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கட்டும். 2ஜியிலும் பேசும் மோடம் என்றால் ஒரு கணத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும்; மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் சரிந்து தானே ரீசெட் ஆகிவிடும்.

எஸ்.எம்.எஸ். ஏன் என்றால், மாமா ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் படுப்பார், டெலிகிராம் எல்லாம் காலையில்தான். சர்வரிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பலாமென்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புகிறவருக்கு டி.எல்.டி. பதிவு, சேதியின் வாசகத்துக்கு டெம்ப்ளேட் அனுமதி என்று போகும். டப்பாவில் இருக்கும் சிம்மே அனுப்பிவிட்டால் தீர்ந்தது. அந்த எண்ணுக்கு மட்டும் நாதஸ்வர ரிங்டோன் வைத்திருக்கிறார். அக்காவுக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

எந்த எண்ணில் எழுப்புவது என்பதில்தான் ஈரப்பத சென்சார் உதவிக்கு வருகிறது. ஸ்பிரிங்க்ளர் செடியைக் காப்பது தண்ணீரின் சூட்டால் மட்டும் இல்லை. தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை விடுகிறது. அதுதான் இலையைப் பூஜ்ஜியத்தை ஒட்டிப் பிடித்து வைக்கிறது. அதனால் ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தக்கூடாது. வெயில் வந்து ஐஸ் உருகும் வரை ஓட வேண்டும். காற்று வறண்டிருந்தால் முதலில் நனைந்த இலையிலிருந்து நீர் ஆவியாகி, இலை இன்னும் குளிரும். உதவி செய்யப் போய் நாமே கருக்கிவிடுவோம். ஆகவே ஈரப்பதம் குறைவான ராத்திரியில் முன்கூட்டியே, இலை மட்டத்தில் 2 டிகிரி இருக்கும்போதே எழுப்ப வேண்டும். ஈரம் நிறைந்த ராத்திரியில் அரை டிகிரி வரை தூங்க விடலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வெப்பம் வேகமாக இறங்கினால் மட்டும் மணிக்கொருமுறை அனுப்பும்படி வைத்திருக்கிறேன். பகலில் டப்பா வாயே திறக்காது.

பெட்டி, தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.67 தரம். இருந்தாலும் பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி சுருங்கும்போது ஈரக்காற்றை இழுக்கும். கேபிள் நுழையும் கிளாண்டுகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வேண்டும், போர்டுக்கு ஈரம் தாங்கும் கோட்டிங் வேண்டும். இது மூன்றும் இல்லாத பெட்டியைத் திறந்தால் உள்ளேயே பனித்துளி நிற்கும்.

ஒரு ஜனவரிப் பதிவைச் சொல்கிறேன். அதிகாலை ஐந்தரைக்குக் கூட்டுக்குள் 3.8, இலை மட்டத்தில் மைனஸ் 0.9. அன்றைக்கு மாமா இரண்டே முக்காலுக்கே மோட்டாரைப் போட்டிருந்தார். தண்ணீர் எட்டாத ஓரத்து இரண்டு வரிசை மட்டும் கருகியது. அந்த வரிசைக்கு எட்டும்படி இன்னொரு ஸ்பிரிங்க்ளர் தலை வாங்க அடுத்த நாளே கோவைக்கு வந்துவிட்டார். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் நிலம் ஓடையை ஒட்டி இன்னும் கீழே இருக்கிறது. முதலில் அங்கே மேட்டில் எங்கே சிக்னல் 15க்கு மேல் வருகிறது, அங்கிருந்து பாத்திக்குக் கேபிள் எத்தனை மீட்டர் என்று மட்டும் அளந்து சொல்லச் சொன்னேன்.