வீட்டு டெபாசிட் திரும்பி வரும்போது: ஏப்ரல் 2025 குறிப்புகள்

7 ஏப்ரல் 2025, திங்கள்

ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் முத்திரைத் தீர்வை வரம்புகள் இறங்கிவிட்டன. முதல் வீடு வாங்குபவர் மார்ச் 31 வரை 425,000 பவுண்ட் வீட்டுக்கு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இப்போது அதே வீட்டுக்கு 6,250 பவுண்ட். தேதியைத் தவறவிட்டவர்களில் சிலர் பின்வாங்குகிறார்கள். வீடு வாங்க அவர்கள் கட்டிய டெபாசிட், வாங்கும் சட்ட வேலையைச் செய்யும் சொலிசிட்டரிடமிருந்து திரும்பிப் போக வேண்டும். அப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: அனுப்பியது 35,000, வந்தது 34,958, நடுவில் 42 பவுண்ட் எங்கே?

பதில் சொல்லும் முன் பணம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்ச் ஆகவில்லை, அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதிகளை மாற்றிக்கொண்டு கட்டுப்படவில்லை என்றால், அது உங்கள் சொலிசிட்டர் கட்சிக்காரர்களின் பணத்துக்கென்றே வைத்திருக்கும் கிளையண்ட் அக்கவுண்டிலேயே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டால் பெரும்பாலும் விற்பவரின் சொலிசிட்டரிடம் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் விதி வேறு, கட்டணம் வேறு. இங்கே எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை மட்டும்; ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு.

9 ஏப்ரல், புதன்

அந்த 42 பவுண்டைப் பிரித்தால் 35 பவுண்ட் 'டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் ஃபீ' (மின்னணுப் பணமாற்றக் கட்டணம்), அதன் மேல் 20% வாட் (மதிப்புக் கூட்டு வரி), அதாவது 7 பவுண்ட். வங்கிச் சேவைக்கு வாட் கிடையாதே, பிறகு ஏன் என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். வங்கி அந்தச் சேவையைத் தருவது சொலிசிட்டருக்கு, உங்களுக்கு அல்ல. ஆகவே அதை உங்கள் சார்பில் கட்டிய செலவாகக் கணக்கில் காட்ட முடியாது என்பது வருவாய்த் துறையின் நிலை. உங்களிடம் வசூலிக்கும்போது அது சொலிசிட்டரின் சேவைக் கட்டணமாகிவிடுகிறது. வாட் சேர்ந்தே தீரும்.

35 பவுண்ட் முழுவதும் வங்கிக்குப் போகிறது என்று நினைக்க வேண்டாம். வங்கி எடுப்பது ஒரு பகுதி; மீதி, விவரங்களைச் சரிபார்த்துப் பணத்தை அனுப்பும் வேலைக்கு அலுவலகம் வாங்குவது. அந்த வேலைக்குக் கூலி வாங்குவதில் தவறில்லை. அதை 'வங்கிக் கட்டணம்' என்று எழுதுவதுதான் தவறு. வீட்டுப் பத்திர வேலை செய்யும் சொலிசிட்டர் நிறுவனங்கள் 2018 டிசம்பரிலிருந்து தங்கள் விலை விவரத்தை வாட் உட்பட வெளியிட வேண்டும். அதிலும், வேலையின் நிபந்தனைகளையும் கட்டணத்தையும் சொல்லி ஆரம்பத்தில் தந்து நீங்கள் கையெழுத்திட்ட கிளையண்ட் கேர் கடிதத்திலும் இந்தத் தொகையைத் தேடுங்கள். 'ஒவ்வொரு மின்னணுப் பணமாற்றத்துக்கும்' என்று இருந்தால் திருப்பி அனுப்புவதும் அதில் அடங்கும். 'கம்ப்ளீஷனுக்கான பணமாற்றம்' (மீதிப் பணம் கட்டி வீடு கைமாறும் கடைசிக் கட்டத்துக்கானது) என்று மட்டும் இருந்தால், நடக்காத கம்ப்ளீஷனுக்கான கட்டணத்தை இங்கே போட முடியாது என்று எழுதிக் கேட்கலாம்.

11 ஏப்ரல், வெள்ளி

சாப்ஸா, ஃபாஸ்டர் பேமெண்ட்ஸா, இந்த இரு வங்கிப் பணமாற்ற முறைகளில் எது? திருப்பி அனுப்பும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான்.

சாப்ஸ் 1984 முதல் இருக்கிறது. இப்போது நடத்துவது மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி. தொகைக்கு உச்சவரம்பு இல்லை, அன்றே போய்ச் சேரும், போனது போனதுதான். கம்ப்ளீஷன் நாளில் மதியத்துக்குள் பணம் சேராவிட்டால் சாமான் ஏற்றிய வண்டி தெருவில் நிற்கும் என்பதால் அங்கே அதற்கு விலை உண்டு. உடைந்துபோன பேரத்தில் அப்படி எந்த மணிக்கணக்கும் இல்லை. 2008-இல் வந்த ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ் பெரும்பாலும் சில நிமிடங்களில் சேர்ந்துவிடும். 2022 பிப்ரவரியிலிருந்து அதன் பொது வரம்பு 10 லட்சம் பவுண்ட். ஆனால் ஒவ்வொரு வங்கியும் தன் வாடிக்கையாளருக்குக் குறைந்த வரம்பு வைக்கலாம். சொலிசிட்டரின் கிளையண்ட் அக்கவுண்டுக்கு எவ்வளவு என்பது அலுவலகக் காசாளருக்குத்தான் தெரியும்.

ஆகவே பேரம் உடைந்த அன்றே, காசாளர் சீட்டுப் போடும் முன், ஒரு மின்னஞ்சல் போதும்: 'அவசரமில்லை. ஃபாஸ்டர் பேமெண்ட்ஸில் அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்று அனுப்பும் முன் சொல்லுங்கள்.' வரம்பைத் தாண்டும் தொகையை இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்வதென்றால், கட்டணமும் இரண்டாகிவிடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சாப்ஸில் போன பிறகு கேட்டால் பயனில்லை; வங்கி தன் பங்கை எடுத்திருக்கும்.

14 ஏப்ரல், திங்கள்

கழித்துக்கொண்டு அனுப்பலாமா? சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 கணக்கு விதிகளில் மூன்று இங்கே பேசும். விதி 2.5: வைத்திருக்கத் தகுந்த காரணம் தீர்ந்ததும் கிளையண்ட் பணத்தைத் தாமதமின்றித் திருப்ப வேண்டும். விதி 4.3: கிளையண்ட் பணத்திலிருந்து தம் கட்டணத்தை எடுக்கும் முன் பில்லோ எழுத்து அறிவிப்போ தர வேண்டும். பில் வராமல் 42 பவுண்ட் குறைந்து வந்தால், தொகை சிறிது என்பது பதிலாகாது. பில்லைக் கேளுங்கள்.

மூன்றாவதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். விதி 7.1: வைத்திருந்த காலத்துக்கு நியாயமான வட்டி தர வேண்டும். இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதம் 2025 ஏப்ரலில் 4.5% ஆக இருந்தது. அலுவலகம் அதைவிட மிகக் குறைந்த விகிதத்தில் கணக்கிடலாம். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வட்டி தருவதில்லை என்று கொள்கை வைத்திருக்கலாம். இருந்தாலும் 35,000 பவுண்ட் 30 நாள் இருந்தால் 1% கணக்கில்கூட 28.77 பவுண்ட். 60 நாள் என்றால் 57.53, மாற்றுக் கட்டணத்தை விட அதிகம். வட்டிக் கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணமாற்றக் கட்டணத்தோடு சண்டை போடுவதைவிட இந்தக் கேள்வி பல நேரம் அதிகம் தரும்.

16 ஏப்ரல், புதன்

எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகு உடைந்த பேரம். வழக்கமான விற்பனை நிபந்தனைகளின்படி 10% டெபாசிட்டை விற்பவரின் சொலிசிட்டர் 'ஸ்டேக்ஹோல்டர்' ஆக, இரு தரப்புக்கும் பொதுவாக, வைத்திருப்பார். புது வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள் இதை மாற்றி, தங்கள் ஏஜென்டாக வைத்திருக்கச் சொல்வது உண்டு. அப்போது பணம் கட்டுமான நிறுவனத்தின் கைக்கே போயிருக்கலாம்.

கம்ப்ளீஷன் தேதி தவறினால் 'நோட்டீஸ் டு கம்ப்ளீட்' கொடுப்பார்கள்: கொடுத்த நாளை விட்டு 10 வேலை நாள். அதற்குள்ளும் விற்பவர் முடிக்காவிட்டால் வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்; டெபாசிட் சேர்ந்த வட்டியோடு திரும்ப வேண்டும். தவறியவர் வாங்குபவர் என்றால் விற்பவர் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளலாம். 1925 சொத்துச் சட்டத்தின் 49(2) பிரிவில் அதைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது, ஆனால் அது வழக்கு.

விற்பவர் தவறிய கோப்பில் கட்டணம் இரண்டு முறை எழும். விற்பவரின் சொலிசிட்டர் உங்கள் சொலிசிட்டருக்கு அனுப்புவது ஒன்று, அவர் உங்களுக்கு அனுப்புவது இன்னொன்று. முதலாவதை உங்கள் பணத்திலிருந்து கழிக்க இடமில்லை. நீங்கள் அவருடைய கிளையண்ட் அல்ல, அவரிடம் நீங்கள் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திடவில்லை. அந்தச் செலவு அவருடைய கிளையண்டின் பில்லில் போக வேண்டும். 35,000 கட்டியிருந்தால் 35,000-மும் வட்டியும் உங்கள் சொலிசிட்டரிடம் வந்தாக வேண்டும். இரண்டாவது மாற்றத்துக்கு ஆன கட்டணத்தையும், தவறிய விற்பவரிடம் கேட்கும் நட்டக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

17 ஏப்ரல், வியாழன்

நாளை புனித வெள்ளி. சாப்ஸ் இனி செவ்வாய்க்கிழமைதான். விடுமுறைக்கு முந்தைய பிற்பகல் மோசடிக்காரர்களுக்கு வாகான நேரம். கிளையண்ட் பெயரில் 'என் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, டெபாசிட்டை இதற்கு அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வரும். அதனால்தான் அலுவலகம் முன்பே கோப்பில் உள்ள தொலைபேசி எண்ணில் உங்களை அழைத்து எண்களை வாசித்துக் காட்டச் சொல்கிறது. சிலர் முதலில் 1 பவுண்ட் அனுப்பிப் பார்ப்பார்கள். எரிச்சலாக இருந்தாலும் ஒத்துழையுங்கள்.

22 ஏப்ரல், செவ்வாய்

லைஃப்டைம் ஐசா (முதல் வீட்டுக்கோ முதுமைக்கோ சேர்க்க, அரசு போனஸ் தரும் சேமிப்புக் கணக்கு) பணம் டெபாசிட்டில் கலந்திருந்தால் வழி முற்றிலும் வேறு. அந்தப் பணம் ஐசா நிறுவனத்திலிருந்து நேராகச் சொலிசிட்டருக்கு வந்தது. 90 நாளுக்குள் வீடு வாங்கி முடியவில்லை என்றால், நீட்டிப்பு இல்லாதபோது, ஐசா நிறுவனத்துக்கே திரும்ப வேண்டும். உங்கள் நடப்புக் கணக்குக்கு வந்தால் 25% அபராதக் கழிவு விழும். 20,000 பவுண்டில் அது 5,000. அரசு தந்த போனஸை விடவும் அதிகம்.

மாற்றுக் கட்டணத்தை ஐசா பணத்திலிருந்து கழிக்க விடாதீர்கள். குறைந்து திரும்பும் தொகையும் இடையில் எடுத்ததாகவே எண்ணப்படும். கட்டணத்தைத் தனியாக அட்டையில் கட்டிவிட்டு, வந்த தொகை அப்படியே போகட்டும்.

25 ஏப்ரல், வெள்ளி

சொலிசிட்டர் உங்களுக்கு அனுப்பிய பணம் சேராமல் ஏன் அவரிடமே திரும்பி வந்துவிடுகிறது என்பதற்கான சில காரணங்கள். டெபாசிட் சேர்த்த சேமிப்புக் கணக்கைக் காலியானதும் மூடியிருப்பார்கள். கட்டடச் சங்கங்களின் (பில்டிங் சொசைட்டி) கணக்குகள் சிலவற்றில், ரோல் நம்பர் என்ற தனிக் கணக்கு எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் எழுதாவிட்டால் யாருடைய பணம் என்று தெரியாது. கூட்டுக் கணக்கில் ஒருவர் பெயர் மட்டும் எழுதினால் பெயர்ச் சோதனையில் 'ஓரளவு பொருந்துகிறது' என்று வந்து காசாளர் நிறுத்திவிடுவார். மறுபடி அனுப்பினால் மறுபடி கட்டணம் என்று பில் வரலாம். தவறு யாருடையது என்பதை அப்போதே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பணமோசடித் தடுப்பு விதிகளுக்காக, வந்த கணக்குக்கே பணம் திரும்பும் என்பது பொது வழக்கம். அதனால் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பெற்றோர் நேராகச் சொலிசிட்டருக்கு அனுப்பிய அன்பளிப்பு அங்கேயே திரும்பிப் போகக்கூடும். வெளிநாட்டு மாற்றுக்குத் தனிக் கட்டணம், நடுவில் நிற்கும் வங்கிகள் கழிப்பது வேறு, நாணய மாற்றில் இருமுறை இழப்பு. எல்லாக் கட்டணமும் அனுப்புபவரே ஏற்கும் 'OUR', பகிரும் 'SHA', பெறுபவர் ஏற்கும் 'BEN' என்ற மூன்றில் எது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். பெற்றோர் முதலில் உங்கள் பிரிட்டன் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து அன்பளிப்புக் கடிதத்தோடு சொலிசிட்டருக்குப் போவது நல்லது.

28 ஏப்ரல், திங்கள்

முறையீடு. முதலில் அலுவலகத்துக்கே எழுத்தில்: கடிதத்தில் இல்லாத கட்டணம், பில் இல்லாமல் கழித்தது, வட்டி தராதது, இவற்றில் எது என்று தெளிவாக. 8 வாரத்தில் தீராவிட்டால் சட்டச் சேவைப் புகார்களைத் தீர்க்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதம், நடந்ததிலிருந்து அல்லது தெரியவந்ததிலிருந்து ஒரு வருடம் என்ற இரு கெடுக்களும் உண்டு. சொலிசிட்டருக்குப் பதில், வீட்டுப் பத்திர வேலைக்கு உரிமம் பெற்ற லைசென்ஸ்டு கன்வேயன்சர் வேலை செய்திருந்தாலும் போக வேண்டிய இடம் இதுவே. பில், கிளையண்ட் கேர் கடிதம், பணம் வந்த வங்கி அறிக்கைப் பக்கம், ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ் கேட்ட மின்னஞ்சல் ஆகிய நான்கையும் இணைத்து அனுப்புங்கள்.