'30க்குள் 30' போச்சு, சரி, அப்புறம்?

2030-க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை இங்கேயே உற்பத்தி செய்வோம் என்று 2019-இல் சிங்கப்பூர் அரசு சொன்னது. 2025 நவம்பரில் அதைக் கைவிட்டு, 2035-க்குள் நார்ச்சத்தில் (கீரை, காய்கறி போன்றவை) 20, புரதத்தில் (முட்டை, மீன் போன்றவை) 30 சதவீதம் இங்கேயே என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. அதற்காக உள்ளூர் உற்பத்தியை விட்டுவிடவும் முடியாது; உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் இது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் ஈரச்சந்தைக் கோழிக்கடைகள் சில மூடிக் கிடந்தது மறக்குமா?

முட்டை பரவாயில்லை, உள்ளூர்ப் பண்ணைகள் கைகொடுக்கின்றன. கீரைதான் சிக்கல். விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காக வளர்த்தால் மின்கட்டணமும் விலையில் ஏறிவிடும். சாப்பாடு விற்கும் காப்பிக்கடைக்காரர் அதை வாங்குவாரா? பத்துக் காசு கூடினாலே முணுமுணுக்கிற ஆட்கள் நாம், நானும்தான்.