கதையில் எழுதப்படாத பகுதி

எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், சிறுவர் படக்கதை நூல்களுக்கும் இதழ்ச் சிறுகதைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் படம் வரைந்து கொடுப்பதையே சென்னையில் முழுநேரத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். வரைவதைவிட வாசிப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய வேலை என்று சொன்னால் புதிதாக வருகிற இளைஞர்கள் நம்புவதில்லை. 32 பக்கப் படக்கதை நூல் ஒன்றின் எழுத்துப் பகுதி பெரும்பாலும் ஓரிரு தாள்களில் அடங்கிவிடும். "அப்பா விடியுமுன்னே பனையேறப் போய்விடுவார்" என்று எழுத்தாளர் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம். அந்த மரம் ஆண்பனையா பெண்பனையா, அப்பாவின் இடுப்பில் என்ன தொங்குகிறது, அவர் எதன்மேல் கால் வைத்து ஏறத் தொடங்குகிறார், அந்த நேரத்தில் வானம் என்ன நிறத்தில் இருக்கும் என்பதையெல்லாம் எழுத்தாளர் சொல்ல வேண்டியதில்லை. வரைகிறவர் சொல்லாமல் தப்ப முடியாது.

பனையேறும் குடும்பம் ஒன்றைப் பற்றிய கதைக்குப் படம் வரையும் பணி எனக்கு வந்தபோது, இந்த உண்மையை முழுமையாக உணர்ந்தேன். பனையைத் தெரியாத தமிழர் இல்லை என்று நினைக்கிறோம். 1978 முதல் அது தமிழ்நாட்டின் மாநில மரமும்கூட. ஆனால் அச்சில் வருகிற பனைகள் பலவற்றுக்குத் தென்னையின் உடல்தான் இருக்கிறது. தென்னை ஒல்லியாக, வளைந்து, உடலெங்கும் வளைய வடுக்களோடு நிற்கும். அதன் கீற்று ஒரு நடு மட்டையின் இருபுறமும் பிரிந்து தொங்கும். பனையோ கருத்துப் பருத்து நேராக நிற்கும். அதன் ஓலை விசிறியாக விரியும். மட்டையின் இரு ஓரங்களிலும் அரிவாளின் பல்லைப் போலக் கருக்கு இருக்கும். இவ்வளவையும் நிழற்படங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். வேலை செய்கிற மனிதரின் உடலை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது என்பதால், பதனீர்ப் பருவம் தொடங்கியதும் தூத்துக்குடிப் பக்கம் கிளம்பிப் போனேன்.

அங்கே நான் அதிகம் வரைந்தவை பாதங்கள். கால்களைப் பிணைக்கும் தளைநார் இரு பாதங்களையும் எவ்வளவு இடைவெளியில் நிறுத்துகிறது, உடலின் பாரம் குதிகாலில் விழுகிறதா உள்ளங்காலின் பக்கவாட்டில் விழுகிறதா, மேலேறும்போது முழங்கால் எந்தக் கோணத்தில் விரிகிறது என்பவை ஒரு கோட்டின் தடிப்பைக்கூட மாற்றிவிடுகின்றன. எனக்கு எல்லாவற்றையும் காட்டித் தந்த பெரியவர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆளு நல்லாத்தான் இருக்கான். ஆனா இவன் மரத்தக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கான், ஏறல" என்றார். எந்தக் கலைப்பள்ளியிலும் இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. "சரி அண்ணாச்சி, இன்னொரு தடவ ஏறுங்க" என்று சொல்லி மறுபடியும் கீழே உட்கார்ந்து வரைந்தேன்.

கருவிகளையும் அவர்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தார். பனையின் பூங்குலையான பாளையை இடுக்கி நசுக்குவதற்குக் கடிப்பு. அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுவதற்குப் பாளை அரிவாள். சொட்டுகிற நீரைப் பிடிப்பதற்குக் கலயம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதனீராக இறங்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். ஆகவே கலயத்தின் உள்ளே தெரிகிற வெள்ளைப் பூச்சு வெறும் அலங்காரம் இல்லை, அந்தக் குடும்பம் எதை விற்றுப் பிழைக்கிறது என்பதையே அது சொல்லிவிடுகிறது. சீவப்படுகிற பாளையில் நுங்கு காய்க்காது. குலைகுலையாய் நுங்கு தொங்கும் மரத்தின் உச்சியில் பனையேறுபவர் உட்கார்ந்து அந்தப் பாளையையே சீவுவதாக வரைந்தால், நகரத்துக் குழந்தை அதை ரசிக்கும். அந்தத் தொழில் செய்கிற வீட்டுக் குழந்தை, தன்னைப் பற்றிய நூலே தன்னை அறியாமல் எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்ளும். இரண்டாவது குழந்தையின் நம்பிக்கையைக் காப்பாற்றுவதையே என் முதற்கடமையாகக் கருதுகிறேன்.

இவ்வளவு பார்த்த பிறகுதான் பக்கங்களைத் திட்டமிட முடிந்தது. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதியான ஃபாரம் ஒன்றுக்கு 16 பக்கம் என்ற கணக்கில் 32 பக்கம் இரண்டு ஃபாரங்களாக அச்சாகும். தலைப்புப் பக்கம், பதிப்புரிமை விவரம் போன்றவை போக மீதியில்தான் கதை நடக்க வேண்டும். அகலவாக்கில் அமைந்த நூலில் நெடிய மரத்தை எப்படிக் காட்டுவது என்பது பெரிய சிக்கலாக இருந்தது. முழு மரத்தை எந்தப் பக்கத்திலும் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். எதிரெதிரே விரியும் இரு பக்கங்களான ஒரு விரிப்பில் அடிமரமும் பாதமும்; அடுத்ததில் கரிய உடலும் கைகளும்; தாளைத் திருப்பினால் ஓலைகளுக்கிடையே வானமும் கீழே சிறுத்துப்போன வீடும். ஏறுகிற உழைப்பைக் குழந்தையின் விரல் தாளைத் திருப்பும்போது உணர வேண்டும் என்பதே எண்ணம். (இரு பக்கங்களும் சேரும் தையல் மடிப்பில் முகத்தையோ கையையோ வைக்கக் கூடாது என்பதைத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே அறிந்துகொள்வது நல்லது.) விடியல் வானத்துக்குத் திரையில் ஒளிர்கிற நீலத்தை நம்பாமல், வண்ண அச்சின் நான்கு மைகளில் என்ன கிடைக்குமோ அதை மாப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாளில் அச்சடித்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன்.

நேரில் போய்ப் பார்த்து வரையும் மரபு தமிழ்ப் பத்திரிகை உலகுக்குப் புதிதன்று. கோயில்களில் நேரில் அமர்ந்து சிற்பங்களைக் கோடு கோடாக வரைந்த ஓவியர் சில்பியின் படங்கள் ஆனந்த விகடனில் தொடராக வந்தன. அந்தப் பயணங்களுக்குப் பின்னால் ஓர் இதழும் அதன் வாசகர்களும் இருந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று விலை பேசப்படுகிறது. அந்தப் படத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அதனால்தான் பலர் இணையத்தில் கிடைக்கும் முதல் படத்தைப் பார்த்து வரைந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. வாடகை மாதாமாதம் கேட்கப்படுகிறது.

உரிமை பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவை ஒவ்வொரு ஓவியரும் படிக்க வேண்டும். படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொதுவிதி. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரையப்படும் வண்ண ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், மாறான உடன்பாடு இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் தூரிகையைத் தொடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. உரிமையை விற்ற பின்னரும், படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும் தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு பதிப்பகம் எல்லா மொழிகளுக்கும் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஒரே தொகை தருவதாகச் சொன்னபோது, இந்தப் பிரிவுகளைப் படித்திருந்ததால் கோபமில்லாமல் மறுக்க முடிந்தது.

பனைக் கதை அச்சாகி வந்த பிறகும் அந்த ஊர்களுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. கொட்டான், கடகப்பெட்டி போன்ற ஓலைக் கூடைகள், ஓலைப்பாய், சிரட்டையில் ஊற்றி எடுக்கிற கருப்பட்டி என்று பனையிலிருந்து பிறக்கும் பொருள்களையும் அவற்றைச் செய்யும் கைகளையும் யாரும் கேட்காமலேயே வரைந்து சேர்த்துவருகிறேன். இது நூலாகுமா என்று தெரியாது. ஆனால் பணம் வாங்கி வரைகிற படங்களில் கை சோர்ந்துபோகாமல் இருப்பது இந்த நோட்டுகளால்தான்.

இப்போது நான் அனுப்பும் விலைப்பட்டியலில் களப்பயணத்துக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. சில பதிப்பாளர்கள் அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஏற்கெனவே பழக்கமான இடங்களில் நடக்கும் கதைகளை மட்டும் ஏற்கிறேன். சிலர் காரணம் கேட்டு, புரிந்துகொண்டு, ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்து வரையவிருப்பது உப்பளத்தில் நடக்கும் கதை. மழை ஓய்ந்து பாத்திகளைச் சீரமைக்கும் வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். படங்களை ஒப்படைக்கும் தேதியைச் சித்திரைக்குத் தள்ளிவைக்க அந்தப் பதிப்பாளர் சம்மதித்திருக்கிறார்.