அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க: காகிதங்களின் வரிசையும் முதல் மாதங்களும்

தத்தெடுக்கப் போகிறோம் என்று சொன்னதுமே எல்லோரும் கேட்பது "எவ்வளவு நாளாகும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொன்று: தம்பதியரில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரா? இருவருமே கிரீன் கார்டிலோ எச்1பி விசாவிலோ இருந்தால் இங்கே சொல்லும் வழி உங்களுக்குத் திறக்காது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை முறைப்படுத்தும் ஹேக் உடன்படிக்கையின்படி நடக்கும் தத்தெடுப்புக்கு, பெற்றோரின் தகுதிக்கு ஐ-800ஏ, குறிப்பிட்ட குழந்தைக்கு ஐ-800 என்ற இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. அவற்றைப் போட ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். ஊரில் தத்தெடுத்துவிட்டு, எச்1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்4 விசாவில் கூட்டி வந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டப்படி காப்பாளராக இருந்து, குழந்தையோடு 2 வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் அந்தக் கணக்கில் அது உங்கள் குழந்தையாக ஏற்கப்படும். அதாவது பெற்றோரில் ஒருவர் 2 வருடம் இந்தியாவிலேயே தங்க வேண்டியிருக்கும். இது தெரியாமல் குழந்தையின் முகத்தைப் பார்த்து மனதைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தவிக்கிற குடும்பங்கள் உண்டு. அதனால்தான் முதல் பத்தியிலேயே சொல்கிறோம்.

இந்தியப் பக்கத்தில் எல்லாமே மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், அதாவது காரா வழியாகத்தான் நடக்கும். பதிவு, ஒதுக்கீடு (எந்தக் குழந்தை எந்தக் குடும்பத்துக்கு என்று தெரிவிப்பது), அறிக்கைகள் அனைத்தும் அதன் கேரிங்ஸ் இணையதளத்தில். வெளிநாட்டில் இருப்பவர்கள் நேராகப் பதிய முடியாது. காராவின் அங்கீகாரம் பெற்ற ஓர் அமெரிக்க முகமை உங்கள் கோப்பை ஏற்றும். நாட்டுக்குள் தத்தெடுக்கும் வரிசையில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஊரில் இருப்பவர்களுக்குச் சமமான இடம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் அதற்கு அடுத்து. சிறப்புத் தேவை இல்லாத கைக்குழந்தை வேண்டுமென்றால் காத்திருப்பு 3 வருடத்தையும் தாண்டுகிறது. சிறப்புத் தேவையுள்ள குழந்தையை ஏற்கத் தயாராக இருப்பவர்களுக்கு ஒதுக்கீடு வெகு சீக்கிரம் வரும்.

வயதுக் கணக்கையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 2 வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியரின் வயதுகளைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90. திருமணமாகி 2 வருடம் ஆகியிருக்க வேண்டும். வரிசையில் காத்திருக்கும்போதே வயதும் ஏறுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அமெரிக்கப் பக்கத்தில் முதல் பெரிய வேலை வீட்டு ஆய்வு. சமூகப் பணியாளர் வந்து வீட்டைப் பார்ப்பார், தனித்தனியாகவும் சேர்த்தும் பேசுவார். வீடு பளபளப்பாக இருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. நேர்மையைத்தான் பார்க்கிறார்கள். எப்போதாவது கைதாகியிருந்தால், வழக்கு தள்ளுபடியாகிப் பதிவே அழிக்கப்பட்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும். சின்ன விஷயம்தானே என்று மறைத்து, அது கைரேகைச் சோதனையில் வெளிவந்தால், விஷயத்தைவிட மறைத்ததுதான் பெரிதாகிவிடும். வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் 18 வயது தாண்டிய எவரும் இந்த ஆய்வுக்குள் வருவார்கள். பாட்டி, தாத்தா உங்களோடேயே இருந்தால் அவர்களுக்கும் கைரேகை உண்டு. இதோடு பெற்றோருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி கட்டாயம். சடங்குக்கு முடித்துவிடாமல் கவனமாகப் படியுங்கள். பிற்பாடு நள்ளிரவில் கைகொடுப்பது அந்தப் பாடங்கள்தான்.

இனி வருவதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி: ஒவ்வொரு காகிதத்துக்கும் ஆயுள் உண்டு, எல்லா ஆயுளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஐ-800ஏ போடும்போது வீட்டு ஆய்வு 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம்தான் நிற்கும். அது கைரேகையோடு பிணைந்தது. முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நாள் தவறினாலும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். காராவிடம் உள்ள வீட்டு ஆய்வுக்கு 3 வருட ஆயுள். இடையில் வேலை மாறினாலோ, வீடு மாறினாலோ, வீட்டில் புதிதாக ஒருவர் சேர்ந்தாலோ, ஆய்வைப் புதுப்பிக்க வேண்டும். ஒரே தாளில் எல்லாக் காலாவதித் தேதிகளையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். முகமை பார்த்துக்கொள்ளும் என்று விட வேண்டாம். அவர்களிடம் எத்தனையோ கோப்புகள், உங்களிடம் ஒன்றே ஒன்று.

ஒதுக்கீடு வரும்போது குழந்தையின் படத்தோடு இரண்டு ஆவணங்கள் வரும்: குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம் குறைவு. ஆகவே பன்னாட்டுத் தத்தெடுப்பில் பழக்கமுள்ள குழந்தை மருத்துவர் ஒருவரை முன்பே பேசி வைத்திருங்கள். அறிக்கையில் பெற்றோரின் கண் நோய்ப் பெயர்களுக்குப் போகும். மருத்துவரின் கண் போவது தலைச் சுற்றளவுக்கு. எடையும் உயரமும் குழந்தைகள் இல்லத்து வாழ்வில் பின்தங்குவது சகஜம். இல்லத்தில் கழியும் ஒவ்வொரு 3 மாதத்துக்கும் உயர வளர்ச்சியில் ஏறத்தாழ 1 மாதம் பின்தங்கும் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. வீட்டுக்கு வந்த பின் பெரும்பாலும் அது ஈடாகிவிடும். தலைச் சுற்றளவு மாதாமாதம் வளர்ச்சி வரைபடத்தின் கோட்டிலிருந்து கீழே விலகிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். ஒரே ஒரு அளவு பயன்படாது. குறைந்தது மூன்று அளவுகளை, எடுத்த தேதியோடு கேளுங்கள். கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றால் பிறந்த தேதியே மதிப்பீடுதான். அதனால் "8 மாதமாகியும் உட்காரவில்லை" என்பதைச் சில வாரங்கள் முன்னும் பின்னும் வைத்துத்தான் படிக்க வேண்டும். குறைமாதப் பிறப்பாக இருந்தால் 2 வயது வரை திருத்திய வயதை, அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணிய வயதைக் கொண்டு பார்க்க வேண்டும்.

காணொளி கேட்டால் பொதுவாக அனுப்புவார்கள். ஆனால் "ஒரு காணொளி அனுப்புங்கள்" என்றால் புத்தாடையோடு கையில் தூக்கிக் காட்டுவதுதான் வரும். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்: தரையில் விட்டு இரண்டு நிமிடம், பின்னாலிருந்து கிலுகிலுப்பை ஆட்டினால் திரும்புகிறதா, பொம்மையை இடமும் வலமும் நகர்த்தினால் இரண்டு கண்ணும் ஒன்றாகப் போகின்றனவா, சிறிய பொருளை எந்தக் கையால் எடுக்கிறது, மற்றக் கைக்கு மாற்றுகிறதா. இவ்வளவையும் பார்த்தால் அறிக்கையில் இல்லாத பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு வரிசை இரும்பு போன்றது. முதலில் ஐ-800-க்குத் தற்காலிக ஒப்புதல். அடுத்து விசா விண்ணப்பம். தத்தெடுப்பு மேலே தொடரலாம் என்று அமெரிக்கத் தூதரகம் ஹேக் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவுக் கடிதத்தைத் தரும். அதைப் பார்த்துக் காரா தடையில்லாச் சான்று தரும். அதற்குப் பிறகே இல்லம் மாவட்ட ஆட்சியரிடம் தத்து ஆணைக்கு விண்ணப்பிக்கும். முன்பு இது நீதிமன்றத்தில் இருந்தது. 2022 செப்டம்பர் முதல் ஆட்சியருக்கு மாறிவிட்டது. விண்ணப்பத்தை 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆவணத்தில் ஒரு பெயர் பொருந்தாவிட்டால்கூட அது திரும்பி வரும், காலம் நீளும். ஆணை வந்ததும், தத்து உடன்படிக்கைப்படி நடந்தது என்னும் 23-ஆம் பிரிவு இணக்கச் சான்றைக் காரா தரும். பிறகு பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, விசா. 5-ஆம் பிரிவுக் கடிதத்துக்கு முன்னால் தத்து ஆணை வந்துவிட்டால் விசாவே சிக்கலாகிவிடும். அவசரத்தில் யாராவது "ஆணையை முதலில் வாங்கிவிடலாம்" என்றால் உறுதியாக மறுத்துவிடுங்கள். குழந்தைப் பராமரிப்பு நிதியாக இந்திய இல்லத்துக்குச் செலுத்த வேண்டியது 5,000 டாலர். முகமைக் கட்டணமும் பயணமும் தனி.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். குழந்தையின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக விடப்பட்டால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று, பெயர் தெரியாதவர் என்னும் பொருளில், அச்சாகிவிடும். சமூகப் பாதுகாப்பு எண், பள்ளி, காப்பீடு எல்லா இடத்திலும் அது பின்தொடரும். ஆட்சியரிடம் போகும் விண்ணப்பத்திலேயே பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். அதே எழுத்துக்கூட்டல் ஆணையிலும் பிறப்புச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் வர வேண்டும். இல்லத்தில் வைத்த பழைய பெயரும் ஆணையில் குறிப்பிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவ அறிக்கையில் இருக்கும் குழந்தையும் கடவுச்சீட்டில் இருக்கும் குழந்தையும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேறு காகிதம் தேட வேண்டும். உங்கள் கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, திருமணச் சான்றில் வேறு மாதிரி என்றிருந்தால், ஒரே நபர்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைக் கோப்பு ஏற்றும்போதே சேர்த்துவிடுங்கள். ஆணையின் வரைவு கிடைத்தால் எழுத்து எழுத்தாகப் படித்துவிடுங்கள். கையெழுத்தான பின் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் 2 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை உண்டு. முடிவு வர நாளாகும், பயணச்சீட்டை அதற்கேற்பப் போடுங்கள். 10 வயதுக்குட்பட்ட தத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசிகளை அமெரிக்கா வந்த பிறகு போடுவதாக உறுதிமொழி கொடுக்கலாம். சோர்ந்து கிடக்கும் குழந்தைக்குப் பயணத்துக்கு முன் ஊசிகளை வரிசையாகப் போடுவதைவிட அது மேல்.

குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது ஆயாக்களிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பால்மாவு, எத்தனை கரண்டி, எவ்வளவு சூட்டில்? தொட்டிலிலா தரையிலா, விளக்கு எரியுமா அணையுமா? மிக முக்கியமாகப் பால்புட்டியின் ரப்பரைப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஊட்டும் இடங்களில் ரப்பரின் துளையைப் பெரிதாக வெட்டி வைத்திருப்பார்கள். அந்த வேகத்துக்குப் பழகிய குழந்தை, நீங்கள் வாங்கிப் போன புதுப் புட்டியில் சொட்டுச் சொட்டாக வருவதை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில்லை என்று நினைப்போம், உண்மையில் உழைத்துக் குடிக்க அதற்குத் தெரியாது. வேகமாக வரும் ரப்பரில் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பால்மாவையும் அதே வகையில் சில டப்பாக்கள் எடுத்து வந்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். துவைக்காத ஒரு துணியை அங்கிருந்து கேட்டு வாங்குங்கள். அந்த வாசனை முதல் சில இரவுகளுக்குப் பெரிய துணை.

முதல் வாரங்களில் பாலூட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அழும்போது தூக்குவது ஆகியவற்றைப் பெற்றோர் இருவர் மட்டுமே செய்ய வேண்டும். நம் குடும்பங்களில் இதைச் சொல்வது கடினம். பாட்டி ஆசையோடு கை நீட்டும்போது எப்படித் தடுப்பது? புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்: பலர் கை மாறி வளர்ந்த குழந்தை இது, இரண்டு முகங்களை முதலில் நம்பட்டும், அப்புறம் எல்லோருக்கும் வரும். பாட்டிக்குச் சமையலறையை ஒப்படைத்தால் அவரும் மகிழ்வார், வீடும் ஓடும். இரவில் அழாமல் விழித்துக் கிடக்கும் குழந்தையை "என்ன சமத்து" என்று விட்டுவிடாதீர்கள். அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று கற்றுக்கொண்டதாலும் அந்த அமைதி வரலாம். அசைவு கேட்டாலே போய்த் தூக்குங்கள். சில வாரம் கழித்து அது வாய்விட்டு அழத் தொடங்கினால் நல்ல செய்தி.

வந்து இறங்கிய முதல் 2 வாரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். ரத்தசோகை, ஈயம், தைராய்டு, தலசீமியா, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ், காசநோய், மலத்தில் ஒட்டுண்ணி, கண், காது எல்லாம் இங்கே புதிதாகப் பார்க்கப்பட வேண்டும். ஊரில் பார்த்தது போதும் என்று விட வேண்டாம். காசநோய், ஹெபடைடிஸ் சோதனைகளை 6 மாதம் கழித்து மறுபடி செய்யச் சொல்வார்கள், அதையும் தவறவிடாதீர்கள்.

தத்து முழுமையாகி ஐஎச்-3 விசாவில் வரும் குழந்தை நாட்டுக்குள் நுழைந்ததுமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிடும். சான்றிதழ் அஞ்சலில் வரும். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான வரிச்சலுகையைத் தத்து முழுமையான ஆண்டிலிருந்துதான் கோர முடியும். அதற்கு முந்தைய வருடங்களின் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். காராவுக்கு 2 வருடம் தொடர் அறிக்கை போக வேண்டும்: முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் 6 மாதத்துக்கு ஒன்று. உங்கள் வீட்டு அறிக்கை தவறினால் அந்த முகமை வழியாகப் பின்னால் வரும் குடும்பங்களுக்கும் இடைஞ்சல்.

18 வயதான பிறகு பிள்ளை தன் வேர்களைத் தேடிக் காராவிடம் தானே விண்ணப்பிக்கலாம். அன்று அதற்குத் தேவைப்படுவது இப்போது உங்கள் கையில் இருக்கும் தாள்கள்தான்: குழந்தை ஆய்வு அறிக்கையின் மூலப்படி, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, இல்லத்தில் எடுத்த படங்கள், ஆயா சொன்னதைக் குறித்து வைத்த தாள். இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள்.