லைப்ரரி சயின்ஸில் நெட் எழுதப் போகிறவர்களுக்கு

எம்.லிப். (நூலக அறிவியல் முதுகலை) படிக்கிறேன் என்றால் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கேட்பது, "புத்தகம் எடுத்துக் கொடுக்கறதுக்கு எதுக்குப்பா ரெண்டு டிகிரி?" என்றுதான். வாதாடாதீர்கள், யுஜிசி நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) சிலபஸை நீட்டிவிடுங்கள். பாட எண் 59. டிஸ்பேஸ், கிரீன்ஸ்டோன் என்கிற மின்நூலக மென்பொருள்கள், புத்தக விவரங்களைக் கணினியில் பதிகிற மார்க் 21 முறை, கட்டுரைகளின் மேற்கோள் கணக்கு, கருத்துத் திருட்டு என்று போகும். கல்லூரி நூலகரிடம் இப்போது வந்து நிற்பதும் இந்த வேலைகள்தான். ஆய்வேட்டை மென்பொருளில் போட்டு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பது பல இடங்களில் நூலகம்தான், 10 வரைக்கும் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து என்கிற 2018 யுஜிசி விதியும் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் கைடு மனப்பாடத்தோடு நிற்காமல் வேலையைச் செய்து பார்த்துப் படியுங்கள். கோஹா என்கிற நூலக மென்பொருள் இலவசம், உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பே போதும். வீட்டிலிருக்கும் பத்துப் புத்தகத்தை அதில் ஏற்றுங்கள். மார்க் 21 எண்களை ஐஎஸ்பிஎன் 020, ஆசிரியர் 100, தலைப்பு 245, பொருள் தலைப்பு 650 என்று நாலைந்து தடவை கையால் தட்டிவிட்டால் பொருத்துக கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் விரல் சொல்லிவிடும். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் பெறுகின்றன என்று அளக்கும் எச்-இண்டெக்ஸும் அப்படித்தான். ஐந்து கட்டுரைகளுக்கு 10, 8, 5, 4, 3 மேற்கோள்கள் என்றால் எச் 4, ஏனென்றால் நான்கு கட்டுரைகளுக்குக் குறைந்தது நான்கு மேற்கோள் இருக்கிறது. அதே ஆளுக்கு ஜி-இண்டெக்ஸ் 5, ஏனென்றால் ஐந்து கட்டுரைக்கும் மொத்தம் 30, ஐந்தின் வர்க்கமான 25-ஐத் தாண்டிவிட்டது. வரையறையைப் பத்து முறை வாசிப்பதைவிட இப்படி ஒரு கணக்குப் போடுவது மேல்.

அப்புறம் இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் இல்லாத வினாத்தாளை நான் பார்த்ததில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர், கொஞ்ச நாளிலேயே சலித்துப்போய் கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார் (நம் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லாதீர்கள்), லண்டனுக்குப் போய்ப் படித்து வந்த பிறகுதான் ஆளே மாறினார். அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கிற கோலன் பகுப்பு 1933, சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948. கால வரிசைக் கேள்விக்கு இவற்றை ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும்.

முதல் தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அது எல்லாப் பாடத்துக்கும் பொது. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தப்பான விடைக்கு மைனஸ் கிடையாது, அதனால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

கைடை பழைய புத்தகக் கடையில் வாங்குவதென்றால் அச்சான வருடத்தைப் பாருங்கள். 2019 ஜூன் தேர்விலிருந்து சிலபஸ் மாறிவிட்டது, அதற்கு முந்தையது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.